இரண்டு சக்கரமும் நிறத் தடையும்: ஐரோப்பியச் சாலையில் ஆப்பிரிக்கர்கள்

2024 ஜூலை 1ஆம் தேதி இத்தாலியின் தூரின் நகரத்தில் ஒரு சைக்கிள் ஓட்டம் முடிந்தது. டூர் தெ பிரான்ஸ் என்கிற மூன்று வாரப் பந்தயத்தின் மூன்றாம் நாள் அது. பியாசென்சாவில் கிளம்பி 230 கிலோமீட்டர் வந்திருக்கிறார்கள். கடைசி சில நூறு மீட்டரில் தோளோடு தோள் உரச எல்லோரும் பாய்கிறார்கள். முதலில் கோட்டைத் தாண்டியவர் பினியம் கிர்மாய். வயது 24. எரித்திரியாவின் தலைநகரம் அஸ்மராவில் பிறந்தவர். அப்பா தச்சு வேலை செய்பவர். டூர் தெ பிரான்சில் ஒரு நாள் ஓட்டத்தை வென்ற முதல் கறுப்பு ஆப்பிரிக்கர் இவர்தான்.

அந்தப் பந்தயம் தொடங்கியது 1903இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 121 வருஷம்.

இந்த மாதிரி நேரத்தில் வழக்கமாக ஒரு கேள்வி வரும். “இவ்வளவு நாள் இவர்கள் எங்கே இருந்தார்கள்?” கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு பதில் ஒளிந்துகொண்டிருக்கிறது. இவர்களுக்கு இந்த விளையாட்டு தெரியாது, இப்போதுதான் கற்றுக்கொண்டு வருகிறார்கள் என்கிற பதில். அது பொய். ஆப்பிரிக்கர்கள் சைக்கிள் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பந்தயத்தில் வென்றும் இருக்கிறார்கள். எங்கே இருந்தார்கள் என்று கேட்பதைவிட, யார் இவர்களை எங்கே நிறுத்தி வைத்தார்கள் என்று கேட்பதுதான் சரி.

1

எரித்திரியாவை இத்தாலி தன் காலனியாக அறிவித்தது 1890இல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிற அஸ்மராவைத் தலைநகரமாக்கினார்கள். 1935இல் முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுத்தபோது, விஷவாயு வீசிய அந்தப் போருக்கு இந்த ஊர்தான் பின்தளம். இத்தாலியர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினார்கள். அகலமான வீதி, சினிமாக் கொட்டகை, காப்பிக் கடை என்று எல்லாம் வந்தது. கூடவே சைக்கிளும் வந்தது.

யாருக்கு வந்தது என்பதுதான் விஷயம். ஊரை நிறம் பார்த்துப் பிரித்தார்கள். ஐரோப்பியர் வசிக்கிற பகுதி ஒன்று, உள்ளூர் மக்களுக்கு ஒதுக்கிய பகுதி ஒன்று. 1937இல் பாசிச அரசு சட்டம் போட்டது: இத்தாலிய ஆண் காலனிப் பெண்ணோடு குடும்பம் நடத்தினால் குற்றம், சிறை. ஊரைக் கட்டியது எரித்திரியர்களின் கை. படையில் முன்னால் நிறுத்திச் சாகடிப்பதற்கும் அவர்களே வேண்டும். ஆனால் பக்கத்தில் உட்காரக் கூடாது.

அதே 1937இல்தான் அஸ்மராவில் முதல் சைக்கிள் பந்தயம் நடந்தது. இத்தாலியர்களுக்கு மட்டும். எரித்திரியர்கள் ஓரமாக நின்று பார்க்கலாம். கீழே இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று தெருமுனையில் உத்தரவு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிள் வெறும் இரும்புதான். அதில் ஏறி உட்கார்ந்தவன் நடந்து போகிறவனைவிடக் கொஞ்சம் உயரத்தில் தெரிகிறான், கொஞ்சம் வேகமாகப் போகிறான். அந்தக் கொஞ்சத்தைக்கூட விட்டுக்கொடுக்க ஆண்டவர்களுக்கு மனசு வராது.

எரித்திரியர்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்குள் பந்தயம் வைத்துக்கொண்டார்கள். 1939இல் இரண்டு தரப்பையும் ஒரே பந்தயத்தில் ஓடவிட்டது காலனி அரசு. வெள்ளையனின் மேன்மையை எல்லோரும் கண்ணால் பார்க்கட்டும் என்பது நினைப்பு. வென்றவர் கெப்ரெமரியம் கெப்ரு என்கிற எரித்திரியர்.

இந்தப் பெயரை உலக சைக்கிள் வரலாற்றுப் புத்தகங்களில் தேடினால் எளிதில் கிடைக்காது. எரித்திரியாவில் இதைத் தெரியாத சைக்கிள்காரர் கிடையாது. ஒரு பந்தயத்தில் ஜெயித்ததால் காலனி ஆட்சி போய்விடவில்லை. அது போனது 1941இல், பிரிட்டிஷ் படை வந்தபோது. ஆனால் “உன்னால் முடியாது” என்று சட்டம் போட்டுச் சொல்லிவந்த ஒன்றை நடுவீதியில் வைத்துப் பொய்யாக்கியாயிற்று. அதற்குப் பிறகு சைக்கிள் இத்தாலியனின் பொருளாக இருக்கவில்லை.

1946இல் எரித்திரியா முழுவதும் சுற்றிவரும் பந்தயம் தொடங்கியது. அது நீடிக்கவில்லை. 1952இல் ஐ.நா. முடிவுப்படி எரித்திரியாவை எத்தியோப்பியாவோடு இணைத்தார்கள். 1962இல் பேரரசர் ஹைலே செலாசி அதை வெறும் மாகாணமாக விழுங்கிவிட்டார். 1961இல் தொடங்கிய விடுதலைப் போர் 1991 வரை, முப்பது வருஷம் நடந்தது. 1993இல் சுதந்திர நாடு. நாடு சுற்றும் பந்தயம் மறுபடி உயிர் பெற்றது 2001இல். “இவ்வளவு நாள் எங்கே இருந்தார்கள்” என்று கேட்பவர்கள் இந்த முப்பது வருஷத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

2

இப்போது வடக்கே போவோம். துனிசியாவும் அல்ஜீரியாவும் பிரான்சின் பிடியில் இருந்த காலம். 1913இல் டூர் தெ பிரான்சில் ஓடினார் அலி நெஃபாதி என்கிற துனிசிய இளைஞர். வயது 18. அந்தப் பந்தயத்தில் கால் வைத்த முதல் ஆப்பிரிக்கர். தலையில் சிவப்புக் குல்லாய் போட்டுக்கொண்டு ஓடினார். அவரைப் பற்றிப் பேசியவர்கள் அந்தக் குல்லாயைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். 1914லும் வந்தார். இரண்டு முறையும் கடைசிவரை ஓட முடியவில்லை. அந்தக் காலத்தில் ஒரு நாள் ஓட்டமே 300, 400 கிலோமீட்டர் இருக்கும். கிளம்பிய ஐரோப்பியர்களில் பெரும்பாலோரும் முடிக்கவில்லை.

1950இல் வட ஆப்பிரிக்கா என்று தனி அணியே வந்தது. அதில் அல்ஜீரியரான அப்துல் காதர் ஸாஃப் இருந்தார். ஜூலை 27, பெர்பிஞ்ஞானிலிருந்து நீம் வரை ஓட்டம். தெற்கு பிரான்சில் திராட்சைத் தோட்டம் நிறைந்த சமவெளி. நல்ல வெயில். மற்றவர்கள் சோர்ந்து மெதுவாகப் போக, ஸாஃபும் அதே அணியின் மார்செல் மொலினேசும் கூட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு கிளம்பினார்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் முன்னால் போய்விட்டார்கள். முடிவு நெருங்குகிற நேரத்தில் ஸாஃப் தள்ளாடினார். சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்து விழுந்தார். மரத்தடியில் கிடத்தினார்கள். மயக்கம் தெளிந்து எழுந்தவர் சைக்கிளில் ஏறி, வந்த திசையிலேயே திரும்பி ஓட்டத் தொடங்கினார். மொலினேஸ் போய் ஜெயித்தார்.

பிரான்ஸ் சிரித்தது. அவர் மேல் திராட்சை மது வாடை அடித்தது என்று சொல்லி, குடித்துவிட்டு வழி தெரியாமல் திரும்பிப் போன அரபி என்று கதை கட்டினார்கள். ஸாஃப் முஸ்லிம். தான் குடிப்பதில்லை, மயங்கிக் கிடந்தபோது தோட்டக்காரர்கள் தன் மேல் மதுவை ஊற்றித் தெளிய வைத்தார்கள் என்று அவர் சொன்னார். வெயிலும் அந்தக் கால ஓட்டக்காரர்கள் பலரும் விழுங்கிவந்த ஊக்க மாத்திரையும் சேர்ந்து அடித்திருக்கலாம் என்று பின்னால் எழுதினார்கள். எதுவும் எடுபடவில்லை. குடிகார அரபி கதைதான் நின்றது. அந்தக் கோமாளிப் பேரை வைத்தே ஊர் ஊராக நடக்கும் காட்சிப் பந்தயங்களுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். காசு கிடைத்தது. அடுத்த வருஷம் 1951இல் டூர் தெ பிரான்சை முழுவதும் ஓடிக் கடைசி ஆளாக முடித்தார். அதுவும் வேடிக்கையாகத்தான் ஆயிற்று.

1967இல் இதே டூர் தெ பிரான்சில் வெண்டூ மலை மேல் டாம் சிம்சன் என்கிற ஆங்கிலேயர் வெயிலிலும் ஊக்க மாத்திரையிலும் தள்ளாடி விழுந்து செத்துப்போனார். அந்த இடத்தில் நினைவுக் கல் இருக்கிறது. இன்றும் மலை ஏறுகிற சைக்கிள்காரர்கள் அங்கே நின்று மரியாதை செய்கிறார்கள். செய்யட்டும், செத்தவருக்குச் செய்ய வேண்டியதுதான். செத்தவரையும் பிழைத்தவரையும் ஒன்றாக வைக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். மரணத்தை நான் ஒப்பிடவில்லை. தள்ளாட்டத்துக்குக் கொடுத்த அர்த்தத்தைத்தான் ஒப்பிடுகிறேன். வெள்ளைக்காரர் தள்ளாடினால் அது எல்லை மீறிய உழைப்பு. அரபி தள்ளாடினால் அது குடி.

அதே காலத்தில் ஐரோப்பியச் சாம்பியன்கள் ஆப்பிரிக்காவுக்குப் போகாமல் இல்லை. 1959 டிசம்பரில் ஃபாஸ்டோ கோப்பி, ஜாக் ஆன்கெதில் போன்றவர்கள் மேல் வோல்டா போனார்கள். 1984 முதல் புர்க்கினா ஃபாசோ என்று அழைக்கப்படும் நாடு. தலைநகரில் உள்ளூர்க்காரர்களோடு ஒரு காட்சிப் பந்தயம், அப்புறம் காட்டில் வேட்டை. அங்கே தொற்றிய மலேரியாவில் கோப்பி 1960 ஜனவரி 2ஆம் தேதி இறந்துபோனார். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் கோப்பியின் சாவை எழுதுகிறார்கள். அவரோடு அன்று ஓடிய உள்ளூர் ஆட்களின் பெயரைக் காணோம்.

3

“முதல் ஆப்பிரிக்கர்” என்று எண்ணுவதிலும் அரசியல் இருக்கிறது. டூர் தெ பிரான்சில் ஒரு நாளை வென்ற முதல் ஆப்பிரிக்கர் யார்? அல்ஜீரியாவில் பிறந்த மொலினேஸ் என்று ஒரு பதில் உண்டு. அவர் அங்கே குடியேறிய ஐரோப்பிய வம்சம். 2007இல் தென்னாப்பிரிக்காவின் ராபி ஹன்டர் ஒரு நாளை வென்றார். 2013இல் அதே நாட்டின் டேரில் இம்பி மஞ்சள் ஜெர்சி போட்ட முதல் ஆப்பிரிக்கர் ஆனார். இருவரும் வெள்ளையர்கள். நல்ல ஓட்டக்காரர்கள், அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு கண்டத்தின் பேரில் வரும் பட்டியலில் அந்தக் கண்டத்துப் பெரும்பான்மை மக்களைக் காணவில்லை என்றால், பட்டியல் என்னத்தை எண்ணுகிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

கென்யாவைப் பாருங்கள். டூர் தெ பிரான்சை நான்கு முறை வென்ற (2013, 2015, 2016, 2017) கிறிஸ் ஃப்ரூம் பிறந்தது நைரோபியில். சிறுவனாக இருந்தபோது அவரைச் சாலையில் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கியவர் டேவிட் கிஞ்ஞா. நீண்ட சடைமுடிக்காரர், கறுப்பர். கிக்குயூ ஊர்ப் பக்கத்தில் தன் சிறிய வீட்டையே பட்டறையாகவும் பள்ளியாகவும் வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்துவந்தவர். 2006 காமன்வெல்த் போட்டியில் இருவரும் கென்யாவுக்காகச் சேர்ந்து ஓடினார்கள். 2008இல் ஃப்ரூம் பிரிட்டிஷ் வீரராக மாறிக்கொண்டார். தாத்தா பாட்டி வழியில் அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. தாத்தா பாட்டி கிக்குயூக்காரர்களாக இருந்தால் அந்த வழி கிடையாது. ஃப்ரூம் தன் ஆசானை மறக்கவில்லை, பல இடத்தில் நன்றி சொல்லியிருக்கிறார். நான் சொல்வது பாஸ்போர்ட்டைப் பற்றி.

ஏனென்றால் இந்தத் தொழில் காலால் மட்டும் நடப்பதில்லை. ஐரோப்பாவில் வருஷம் முழுக்கப் பந்தயம். இன்றைக்கு பெல்ஜியம், அடுத்த வாரம் ஸ்பெயின். அங்கே பிறந்தவனுக்கு அது பக்கத்து ஊர். எரித்திரியனுக்கோ எத்தியோப்பியனுக்கோ ஒவ்வொன்றும் ஒரு தூதரக வாசல். டேனியல் தெக்லெஹைமனோத் 2012இல் ஆஸ்திரேலியாவின் பெரிய அணி ஒன்றில் சேர்ந்தார். முதல் தர அணியில் இடம் பிடித்த முதல் எரித்திரியர். அப்படிப்பட்டவரே விசா சிக்கலில் பந்தயங்களை இழந்தார். விசா வந்து சேரும்போது பந்தயம் முடிந்திருக்கும். பந்தயம் ஓடவில்லை என்றால் புள்ளி கிடையாது. புள்ளி இல்லை என்றால் எந்த அணியும் சீந்தாது. பிறகு “ஆப்பிரிக்கர்களிடம் அனுபவம் போதாது” என்று முடித்துவிடுவார்கள்.

மிச்சம் சொந்த நாட்டு அரசு. எரித்திரியாவில் கட்டாய தேசியச் சேவைக்கு முடிவு நாள் இல்லை. அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் பாலைவனத்திலும் கடலிலும் உயிரைப் பணயம் வைத்து ஓடுகிறார்கள். பந்தயத்துக்கென்று போன இடத்தில் தங்கிவிட்ட விளையாட்டுக்காரர்களும் உண்டு. ஐரோப்பியத் தூதரகம் விசா கொடுக்கத் தயங்குவதற்கு அதையே காரணம் காட்டும். உள்ளே இருக்கிற பூட்டும் வெளியே இருக்கிற பூட்டும் ஒன்றையொன்று காவல் காக்கின்றன. வெற்றி பெற்றவனைக் கொடியோடு நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ள மட்டும் அந்த அரசுக்கு நேரம் இருக்கிறது. வெள்ளையனைத் திட்டிவிட்டு இதைப் பேசாமல் விட்டால் பாதி உண்மைதான் பேசியதாகும்.

4

சாலைப் பந்தயம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து வருவது புரியும். ஒரு அணியில் எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேரும் ஜெயிக்க ஓடுவதில்லை. ஒருவர் தலைவர். மற்றவர்கள் அவருக்கு முன்னால் போய்க் காற்றைத் தடுக்க வேண்டும். முன்னால் போகிறவனுக்குக் காற்று முழுசாக அடிக்கும், பின்னால் ஒட்டி வருகிறவனுக்கு நல்ல மிச்சம். தண்ணீர் பாட்டில் எடுத்துவந்து கொடுக்க வேண்டும். தலைவர் சைக்கிள் பஞ்சர் ஆனால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். இந்த ஆட்களை பிரெஞ்சில் “தொமெஸ்தீக்” என்பார்கள். நேர் அர்த்தம் வீட்டு வேலைக்காரன். நம் பேச்சில் எடுபிடி. அந்த வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை, பெரிய திறமை வேண்டும். ஆனால் ஆப்பிரிக்கர்களை எடுத்த அணிகள் எந்த வேலைக்கு எடுத்தன, எத்தனை நாள் அதிலேயே வைத்திருந்தன என்பது கவனிக்க வேண்டியது.

அணித் தலைவர்கள் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. மலைநாட்டில் பிறந்தவர்கள், நுரையீரல் நல்லது, கால் நல்லது, மேட்டில் ஏறுவார்கள். ஆனால் கூட்டத்துக்குள் ஓட்டத் தெரியாது, கீழே விழுந்து மற்றவர்களையும் விழவைப்பார்கள், தந்திரம் புரியாது. பாராட்டு மாதிரி தொடங்கி எங்கே போய் முடிகிறது பாருங்கள். உடம்பை ஒத்துக்கொள்கிறார்கள். மூளையைத்தான் ஒத்துக்கொள்ள மனசில்லை. உடம்பு இயற்கை கொடுத்தது, அதற்கு உனக்குப் பெருமை கிடையாது. புத்தி உழைத்துச் சம்பாதித்தது, அது எங்களிடம் இருக்கிறது. அடிமை வியாபாரக் காலத்துக் கணக்கு இது. இன்றைக்கு விளையாட்டுப் பேச்சில் உட்கார்ந்திருக்கிறது. நூறு பேர் இடித்துக்கொண்டு ஓடும் கூட்டத்தில் ஓட்ட, அந்த மாதிரிக் கூட்டத்தில் ஓடித்தானே பழக வேண்டும்? அந்தக் கூட்டத்துக்குள் விடாமலே, அதில் ஓட்டத் தெரியவில்லை என்றார்கள்.

2015இல் ஒரு திருப்பம். தென்னாப்பிரிக்காவின் எம்.டி.என்.-குபேகா அணிக்கு டூர் தெ பிரான்சில் இடம் கிடைத்தது. அங்கே ஓடிய முதல் ஆப்பிரிக்க அணி அது. அதில் இரண்டு எரித்திரியர்கள்: தெக்லெஹைமனோத், அந்த வருஷப் பந்தயத்திலேயே வயதில் இளையவரான மெர்ஹாவி குதுஸ். ஜூலை 9ஆம் தேதி ஆறாம் நாள் ஓட்டத்தில் தெக்லெஹைமனோத் மலைப் புள்ளிகளைச் சேர்த்து, வெள்ளையில் சிவப்புப் புள்ளி போட்ட ஜெர்சியை வாங்கினார். நான்கு நாள் அது அவர் உடம்பில் இருந்தது. பிறகு அதை எடுத்துக்கொண்டவர் நைரோபியில் பிறந்த ஃப்ரூம்.

கதவு திறந்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். திறந்ததா? அதே 2015 ஜூலையில் ஆஸ்திரியாவில் நடந்த பந்தயத்தில், அதே அணியின் நத்னாயேல் பெர்ஹானே என்கிற எரித்திரியரை இன்னொரு அணிக்காரர் நிறத்தைச் சொல்லித் திட்டினார். மன்னிப்புக் கேட்டு ஒரு மாதச் சம்பளத்தைத் தர்மமாகக் கொடுத்தார். 2017இல் சுவிட்சர்லாந்தில் கெவின் ரெசா என்கிற கறுப்பு பிரெஞ்சு வீரரைத் திட்டியவருக்கு அவருடைய அணி ஆறு வாரம் ஓட்டத் தடை விதித்தது. 2020 டூர் தெ பிரான்சில் ஓடியவர்களில் கறுப்பர் அந்த ரெசா ஒருவர்தான். பாரிசில் கடைசி நாள் அவரை முன்னால் நிறுத்தி, மற்றவர்கள் முகக்கவசத்தில் நிறவெறிக்கு எதிராக எழுதிக்கொண்டு நின்றார்கள். ஒரே ஒருவரை முன்னால் நிறுத்துவது சுலபம். ஏன் ஒரே ஒருவர் என்று கேட்பதுதான் கஷ்டம்.

2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக். தனியாக நேரம் பார்த்து ஓடும் பந்தயம். ஜெர்மனி அணியின் அதிகாரி ஒருவர், முன்னால் போகும் அல்ஜீரியரையும் எரித்திரியரையும் பிடி என்று தன் வீரரை உசுப்பினார். அவர்களை “ஒட்டகம் ஓட்டுகிறவர்கள்” என்று கத்தினார். தொலைக்காட்சியில் உலகமே கேட்டது. அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அல்ஜீரிய வீரர் அஸெதீன் லகாப், ஒலிம்பிக்கில் ஒட்டகப் பந்தயம் கிடையாது, அதனால்தான் சைக்கிளுக்கு வந்தேன் என்கிற அர்த்தத்தில் நக்கலாகப் பதில் கொடுத்தார். நெஃபாதியின் குல்லாய், ஸாஃபின் குடி, லகாபின் ஒட்டகம். 108 வருஷத்தில் வசவு கொஞ்சம்தான் நகர்ந்திருக்கிறது. பதில்தான் மாறியிருக்கிறது. ஸாஃப் சொன்ன விளக்கத்தைக் கேட்க ஆளில்லை. லகாப் விளக்கம் சொல்லவில்லை, திருப்பிக் கொடுத்தார்.

தென்னாப்பிரிக்காவின் நிக் த்லாமினியையும் சொல்ல வேண்டும். கேப் டவுன் அருகே ஏழைகள் வாழும் குடியிருப்பில் வளர்ந்தவர். 2019 டிசம்பரில் தேசியப் பூங்கா வழியாகப் பயிற்சிக்கு ஓட்டிப் போனபோது, அனுமதிச் சீட்டு எங்கே என்று பூங்காக் காவலர்கள் பிடித்தார்கள். அவர்கள் கையை முறுக்கியதில் மேல்கை எலும்பு முறிந்தது. இனஒதுக்கல் சட்டம் ஒழிந்து கால் நூற்றாண்டு ஆன நாட்டில் நடந்தது இது. 2021இல் அதே கையோடு டூர் தெ பிரான்ஸ் ஓடினார். அங்கே ஓடிய முதல் கறுப்புத் தென்னாப்பிரிக்கர். ஒன்பதாம் நாள், மழை, ஆல்ப்ஸ் மலை. விழுந்தார். பின்தங்கிவிட்டார். பின்தங்கியவர்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி பக்கத்திலேயே வந்தது. ஏறவில்லை. வென்றவருக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் கழித்து, கால அவகாசம் முடிந்த பிறகு, ஓட்டியே வந்து சேர்ந்தார். பந்தயத்திலிருந்து நீக்கப்பட்டார். வண்டியில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் முடிவு அதுதான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அந்த வருஷக் கடைசியில் குபேகா அணிக்குக் காசு போட ஆளில்லாமல் முதல் தர அந்தஸ்தும் போயிற்று.

5

இந்தப் பின்னணியில் கிர்மாயைப் பார்க்க வேண்டும். அவர் 2000இல் பிறந்தார். சுவிட்சர்லாந்தில் எய்கிள் என்ற ஊரில் உலக சைக்கிள் சங்கத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. தெக்லெஹைமனோத் போலவே அவரும் அங்கே பயின்றார். 2021இல் 23 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் வெள்ளி. 2022 மார்ச் 27, பெல்ஜியத்தில் கெண்ட்–வெவெல்கெம் பந்தயம். கல் பாவிய குறுகிய சாலைகள், பக்கக் காற்று, இடத்துக்குச் சண்டை. பெல்ஜியக்காரர்கள் தங்கள் வீட்டுச் சொத்தாக நினைக்கும் பந்தயம். நான்கு பேர் முன்னால் மிஞ்சினார்கள். மற்றவர்கள் இவருக்காகக் காத்திருக்க, இவர் எதிர்பாராத தூரத்திலிருந்தே பாய்ந்து ஜெயித்தார்.

இதில் கவனியுங்கள். அவர் ஜெயித்தது மலையில் இல்லை. மேட்டு நுரையீரல் கதை இங்கே செல்லாது. கூட்டத்துக்குள் இடம் பிடிப்பது, எப்போது யார் பின்னால் ஒட்டுவது, எப்போது விடுவது என்கிற கணக்கில்தான் அவர் ஜெயித்தார். தெரியாது என்று அவர்கள் சொன்ன அதே இடத்தில். 2022 மே மாதம் இத்தாலி சுற்றுப் பந்தயத்தில் யேசி நகரத்தில், அந்தக் காலத்தின் பெரிய ஓட்டக்காரரான மாத்யூ வான் டெர் பூலைத் தோற்கடித்தார். மேடையில் மது பாட்டில் மூடி தெறித்துக் கண்ணில் பட்டு, பந்தயத்தைவிட்டு விலக வேண்டியதாயிற்று. 2024இல் தூரின். பின் அதே டூர் தெ பிரான்சில் எட்டாம் நாளும் பன்னிரண்டாம் நாளும். மூன்று வெற்றிகள். அதிகப் புள்ளி எடுத்தவருக்கான பச்சை ஜெர்சி.

யேசியும் தூரினும் இத்தாலியில் இருக்கின்றன. 1937இல் எரித்திரியர்களை ஓரமாக நிற்கச் சொன்னார்களே, அந்த இத்தாலிதான்.

ஜூலை 16, பதினாறாம் நாள். தெற்கு பிரான்சின் அதே திராட்சைச் சமவெளி வழியாக வந்து நீம் நகரத்தில் முடியும் ஓட்டம். 1950இல் ஸாஃப் போய்ச் சேராத அதே நீம். கடைசி இரண்டு கிலோமீட்டருக்குள் பச்சை ஜெர்சியோடு கிர்மாய் கீழே விழுந்தார். முழங்கையில் ரத்தம், தையல் போட வேண்டிய காயம். எழுந்து ஓட்டிக் கோட்டைத் தாண்டினார். மறுநாளும் கிளம்பினார். குடித்திருந்தார் என்று யாரும் எழுதவில்லை. ஜூலை 21இல் நீஸ் நகரத்தில் பந்தயம் முடிந்தபோது பச்சை ஜெர்சி அவரிடம்தான் இருந்தது.

2025 செப்டம்பரில் உலக சாலைப் பந்தயப் போட்டி முதல் முறையாக ஆப்பிரிக்காவில், ருவாண்டாவின் கிகாலியில் நடந்தது. மலைச் சரிவெல்லாம் ஜனம். அந்த அரசு கிழக்குக் காங்கோவில் செய்துவருவதை மறைக்கும் திருவிழா இது என்ற விமர்சனமும் எழுந்தது. அது நியாயமான விமர்சனம். சில ஐரோப்பியச் சங்கங்கள் செலவு அதிகம் என்று சொல்லித் தங்கள் இளையோர் அணியை அனுப்பவில்லை. ஆப்பிரிக்க இளைஞன் வருஷா வருஷம் கட்டும் செலவு அது, ஒரு முறை திசை மாறி வந்தபோது அவர்களுக்குத் தாங்கவில்லை. ஆண்கள் பெரும் பந்தயத்தின் மூன்று பதக்கமும் ஸ்லோவேனியா, பெல்ஜியம், அயர்லாந்துக்குப் போயின.

ஆக, ஒரு கிர்மாயால் கணக்குத் தீர்ந்துவிடவில்லை. “பார், ஒருவன் வந்துவிட்டானே, தடை எங்கே இருக்கிறது” என்று அவரைக் காட்டியே கதவைச் சாத்துவார்கள். நாம் அதில் ஏமாறக் கூடாது. பெண்கள் நிலை இன்னும் மோசம். எரித்திரியாவின் மொசானா தெபெசாய் டோக்கியோவில் ஓடினார். அவருக்குப் பின்னால் எத்தனை பெண்களுக்குச் சைக்கிள் கிடைக்கும், எத்தனை பேருக்கு விசா கிடைக்கும், எத்தனை பேர் எடுபிடி வேலையைத் தாண்டித் தலைமைக்கு வருவார்கள், எத்தனை அணிகளில் பயிற்சியாளர் நாற்காலியில் கறுப்பர் உட்காருவார் என்பதை இனி வருஷா வருஷம் எண்ண வேண்டும். எண்ணுகிற வேலையை அவர்களிடமே விட்டதால்தான் கெப்ரெமரியம் கெப்ருவின் பெயர் பட்டியலில் இல்லாமல் போனது. 1939இல் அஸ்மராவில் அவர் ஜெயித்தார். பட்டியலை அங்கிருந்து தொடங்குவோம்.